அணுகுண்டு பத்தி திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

அணு ஆயுதம்னு பேச்சு எடுத்தாலே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு "அதெல்லாம் யாரும் போட மாட்டாங்க", இன்னொண்ணு "போட்டா எல்லாரும் காலி, அதை யோசிச்சு என்ன ஆகப்போகுது". ரெண்டுமே பேச்சை அங்கயே நிறுத்திடுது, ஆனா அதுக்கு நடுவுல தெரிஞ்சுக்க வேண்டியது நிறைய இருக்கு. பல வருஷமா இதைப் படிச்சு, கேக்குறவங்களுக்கு சொல்லிட்டு வர்றேன், அடிக்கடி வர்ற சந்தேகங்களை அவங்க கேட்ட மாதிரியே கீழ போட்டிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, பின்னாடி வர்ற பதில் சிலது முன்னாடி சொன்னதை வெச்சுதான் புரியும்.

அணுகுண்டுன்னா சாதாரண குண்டுதான், கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதானே?

அளவே முதல்ல வேற. ஒரு கிலோடன்னா ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்து. 1945 ஆகஸ்ட் 6 காலைல ஹிரோஷிமா மேல போட்டது சுமாரா 15 கிலோடன், அதாவது 15,000 டன் வெடிமருந்து ஒரே இடத்துல ஒரே நொடில வெடிச்ச மாதிரி. அந்த குண்டுக்குள்ள 64 கிலோ யுரேனியம் இருந்துச்சு, அதுல உண்மையிலேயே அணு பிளந்து சக்தி கொடுத்தது ஒரு கிலோகூட இல்ல.

சாதாரண குண்டு அதிர்ச்சியாலயும் துண்டு சிதறியும் கொல்லும். அணுகுண்டோட சக்தில ஏறக்குறைய பாதிதான் அதிர்ச்சி அலை. மூணுல ஒரு பங்கு வெப்பமா போகுது, மிச்சம் கதிர்வீச்சு, அதுலயும் ஒரு பகுதி தூசியா கீழ இறங்கி நாள்கணக்கா இருக்கும். கொல்ற வழியே மூணு நாலு இருக்கு, அதனாலதான் இதைப் பெரிய குண்டுன்னு நினைக்கக்கூடாது.

ஹைட்ரஜன் குண்டுன்னு சொல்றாங்களே, அது வேறயா?

ஹிரோஷிமா, நாகசாகில போட்டது அணுவைப் பிளக்குற வகை. ஹைட்ரஜன் குண்டுல அந்த மாதிரி ஒரு அணுகுண்டே தீக்குச்சி வேலை பாக்குது, அதோட சூட்டுலயும் அழுத்தத்துலயும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒண்ணு சேந்து இன்னும் பல மடங்கு சக்தி வருது. 1954 மார்ச் 1ல பிகினி தீவுல அமெரிக்கா பண்ணின காஸில் பிராவோ டெஸ்ட் 15 மெகாடன் (ஒரு மெகாடன்னா ஆயிரம் கிலோடன்), ஹிரோஷிமா மாதிரி ஆயிரம் மடங்கு. 6 மெகாடன் வரும்னு கணக்கு போட்டு வெச்சாங்க, 15 வந்துச்சு. 1961ல சோவியத் வெடிச்ச ஸார் பாம்பா 50 மெகாடன், இதுவரைக்கும் வெடிச்சதுல அதுதான் பெரிசு.

ஆனா ஆயிரம் மடங்கு சக்தின்னா ஆயிரம் மடங்கு தூரம்னு அர்த்தம் இல்ல. அதிர்ச்சி அலை போற தூரம் ரெண்டு மடங்காகணும்னா சக்தி எட்டு மடங்காகணும். அதனாலதான் ஒரே பெரிய குண்டுக்கு பதிலா ஒரு மிஸைல்லயே பல வார்ஹெட் (மிஸைல் முனைல இருக்குற குண்டு) வெச்சு, ஒவ்வொண்ணும் சில நூறு கிலோடன்னு பிரிச்சு அனுப்புற மாதிரி செஞ்சாங்க. குண்டு சின்னதாச்சேன்னு சந்தோஷப்பட இதுல ஒண்ணும் இல்ல.

வெடிச்ச உடனே என்ன நடக்கும்?

முதல்ல வெளிச்சம், அதோடயே வெப்பம். ஹிரோஷிமால குண்டு தரைல விழல, கிட்டத்தட்ட 600 மீட்டர் உயரத்துல வெடிச்சது. வெளிய நின்னவங்களுக்கு உடம்புல வெளிச்சம் பட்ட பக்கம் வெந்துபோச்சு, துணில கருப்பு டிசைன் இருந்த இடத்துல மட்டும் தோல்ல அதே டிசைன் பதிஞ்சவங்க உண்டு. கல் படிக்கட்டுல உக்காந்திருந்த ஒருத்தரோட நிழல் மட்டும் மிச்சமா நின்னுச்சு, அந்தக் கல் இப்பவும் அங்க மியூசியத்துல இருக்கு.

அதிர்ச்சி அலை வெளிச்சத்துக்குப் பின்னாடிதான் வரும். கொஞ்சம் தள்ளி இருக்குறவங்களுக்கு அந்த இடைவெளி சில நொடி. வெளிச்சத்தைப் பாத்துட்டு என்னன்னு ஜன்னல்கிட்ட போய் நின்னா, கண்ணாடி உடைஞ்சு மூஞ்சில வந்து அடிக்குறது அப்பதான். இதை மட்டுமாவது எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும், திடீர்னு கண்ணைப் பறிக்குற வெளிச்சம் வந்தா ஜன்னலை விட்டு விலகி தரைல குப்புற படுக்கணும்.

அப்புறம் நெருப்பு. அங்கங்க பிடிச்ச தீ எல்லாம் ஒண்ணு சேந்து தீப்புயலாச்சு, கிட்டத்தட்ட 12 சதுர கிலோமீட்டர் எரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் கருப்பா மழை பெஞ்சது, புகைக்கரியும் கதிர்வீச்சுத் தூசியும் கலந்த மழை. எரிஞ்ச உடம்போட தாகத்துல தவிச்சவங்க வாயைத் திறந்து அந்த மழைத் தண்ணியைக் குடிச்சாங்க.

அவ்வளவு பேருக்கு அடிபட்டுச்சே, டாக்டருங்க எல்லாம் எங்க போனாங்க?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஆனா கேக்குறவங்க கம்மி. டாக்டருங்களும் அதே ஊருக்குள்ளதானே இருந்தாங்க. ஹிரோஷிமால டாக்டர், நர்ஸ்ல பத்துல ஒம்பது பேர் செத்துட்டாங்க இல்லன்னா அடிபட்டுட்டாங்க. ஆஸ்பத்திரி இடிஞ்சுபோச்சு, மருந்து எரிஞ்சுபோச்சு, தண்ணிக்குழாய் உடைஞ்சதால தீயணைக்கவும் தண்ணி இல்ல. செஞ்சிலுவைச் சங்கத்தோட ஆள் மார்செல் ஜுனோ மருந்தோட அந்த ஊருக்குள்ள போய்ச் சேந்தது செப்டம்பர்ல, குண்டு விழுந்து ஒரு மாசம் தாண்டி.

இப்ப மருத்துவம் எவ்வளவோ வளந்திருக்கேன்னு கேப்பாங்க. மோசமா தீக்காயம் பட்ட ஒரே ஒருத்தரைக் காப்பாத்த தனி வார்டு, ரத்தம், பல ஆபரேஷன், மாசக்கணக்கா நர்ஸுங்க வேணும். எவ்வளவு பணக்கார நாடா இருந்தாலும் அந்த மாதிரி தீக்காய படுக்கை நூறு ஆயிரம் கணக்குலதான் இருக்கும், ஒரு நகரத்து மேல ஒரு குண்டு விழுந்தா தேவைப்படுறது லட்சக்கணக்குல. செஞ்சிலுவைச் சங்கமே வெளிப்படையா சொல்லிருக்கு, அப்படி ஒண்ணு நடந்தா போதுமான உதவி பண்ற சக்தி எந்த நாட்டுக்கும் எந்த அமைப்புக்கும் இல்லன்னு. உதவி பண்றதே வேலையா இருக்குறவங்க எங்களால முடியாதுன்னு சொல்றாங்கன்னா அதைக் கொஞ்சம் நின்னு கேக்கணும்.

எத்தனை பேர் செத்தாங்க? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு கணக்கு இருக்கே?

1945 முடியுறதுக்குள்ள ஹிரோஷிமால சுமார் 1,40,000 பேர், நாகசாகில சுமார் 70,000 பேர்னு பொதுவா சொல்றாங்க. சரியான நம்பர் கிடைக்காததுக்கு காரணம் இருக்கு, பதிவேடும் எரிஞ்சது, குடும்பம் மொத்தமா போனதால காணோம்னு சொல்லக்கூட ஆள் இல்ல, கொரியால இருந்து வேலைக்குக் கொண்டுவந்தவங்க, ராணுவத்தாளுங்க கணக்கு எல்லாம் தனியா இருந்துச்சு. அன்னிக்கே செத்தவங்களை மட்டும் எண்ணினா ஒரு கணக்கு, வருஷக்கடைசி வரைக்கும் எண்ணினா ஒரு கணக்கு.

ரேடியேஷன் பட்டவங்களைத் தொட்டா நமக்கும் வருமா?

வராது, அது தொத்துநோய் இல்ல. உடம்புலயோ துணிலயோ தூசி ஒட்டியிருந்தா அந்தத் தூசிதான் பிரச்சனை, துணியை மாத்தி குளிச்சா பெரும்பகுதி போயிடும். ஜப்பான்ல தப்பிச்சவங்களை ஹிபாகுஷானு சொல்லுவாங்க, இந்த பயத்தாலயே அவங்களுக்கு கல்யாணம் ஆகாம, வேலை கிடைக்காம போச்சு. பல பேர் தாங்க அந்த ஊர்ல இருந்ததையே மறைச்சு வாழ்ந்தாங்க. குண்டு பண்ணின கொடுமைக்கு மேல இது.

அதிகமா பட்டவங்களுக்கு என்ன ஆகும்னா, முதல்ல வாந்தி, அப்புறம் சில நாள் சரியான மாதிரி இருக்கும், ரெண்டு மூணு வாரத்துல முடி கொட்டி, ஈறுல ரத்தம் வந்து, சின்ன கிருமி தாக்கினாகூட தாங்காம போயிடுவாங்க. எலும்பு மஜ்ஜை செத்துப்போறதால ரத்தமே உருவாகாது. காயமே இல்லாதவங்க திடீர்னு சாகுறதைப் பாத்து அப்ப டாக்டருங்களுக்கே ஒண்ணும் புரியல.

ஹிரோஷிமால இப்ப ஜனங்க நல்லாதானே இருக்காங்க, செர்னோபில்ல மட்டும் ஏன் போக முடியல?

நல்ல கேள்வி. முதல் பதில்ல சொன்ன கணக்கைப் பாருங்க, ஹிரோஷிமால பிளந்த யுரேனியம் ஒரு கிலோகூட இல்ல, அதுவும் உயரத்துல வெடிச்சதால கழிவு பெரும்பாலும் புகையோட மேல போய் பரவிடுச்சு. செர்னோபில்ங்குறது உக்ரைன்ல இருந்த அணு மின் நிலையம், அங்க வெடிச்ச ரியாக்டர்ல கிட்டத்தட்ட 190 டன் எரிபொருள் இருந்துச்சு, பல மாசமா எரிஞ்சு கழிவு சேந்திருந்த எரிபொருள், 1986ல வெடிச்சப்புறமும் பல நாள் எரிஞ்சு அக்கம்பக்கத்துலயே படிஞ்சது. அதுல சீசியம் மாதிரி பாதியாக 30 வருஷம் எடுத்துக்குற பொருள் நிறைய.

ஹிரோஷிமால மூணே நாள்ல ஒரு பகுதில டிராம் ஓட ஆரம்பிச்சது, இன்னிக்கு பத்து லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கு. ஆனா இதை வெச்சு அணுகுண்டு பரவால்லன்னு முடிவுக்கு வரக்கூடாது. குண்டு தரைல வெடிச்சா கதையே மாறிடும், அடுத்ததுல சொல்றேன்.

தரைல வெடிச்சா என்ன வித்தியாசம்?

மண்ணையும் கட்டடத்தையும் தூளாக்கி மேல இழுத்துட்டுப் போகும், அந்தத் தூள் கதிர்வீச்சுப் பொருளோட ஒட்டி காத்து அடிக்குற பக்கமெல்லாம் சாம்பலா விழும். மேல சொன்ன காஸில் பிராவோல அதான் ஆச்சு. நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருந்த ரோங்கலாப் தீவுல வெள்ளையா பவளத்தூள் விழுந்துச்சு, என்னன்னு தெரியாத பசங்க அதுல விளையாடினாங்க. ரெண்டு நாள் கழிச்சுதான் அவங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. அதே சாம்பல் லக்கி டிராகன்னு ஒரு ஜப்பான் மீன்பிடி படகு மேலயும் விழுந்து 23 பேருக்கும் கதிர்வீச்சு நோய் வந்துச்சு, ஒருத்தர் அந்த வருஷம் செப்டம்பர்லயே இறந்துட்டார். போரே இல்ல, வெறும் டெஸ்ட்.

அணு மின் நிலையம் அணுகுண்டு மாதிரி வெடிக்குமா?

வெடிக்காது. மின் நிலையத்துக்கு பெரும்பாலும் 3ல இருந்து 5 சதவீதம் செறிவூட்டின யுரேனியம் (அதாவது சுலபமா பிளக்குற வகை அவ்வளவு பங்கு இருக்குறது) போதும், குண்டுக்கு 90 சதவீதம் பக்கம் வேணும். செர்னோபில்ல வெடிச்சது நீராவி அழுத்தம். ஆனா போர்ல யாராவது மின் நிலையத்தைத் தாக்கி உடைச்சா உள்ள இருக்குற கழிவு வெளிய வரும், அந்த பயம் நியாயமானதுதான்.

தப்பிக்க ஏதாவது வழி இருக்கா, இல்ல சும்மா ஆறுதலுக்கு சொல்றாங்களா?

வெடிப்புக்கு பக்கத்துல இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, அதை மறைக்க மாட்டேன். ஆனா சில பல கிலோமீட்டர் தள்ளி இருக்குறவங்களுக்கு முதல் ஒரு நாள்ல என்ன பண்றாங்கங்குறது உயிர்ப் பிரச்சனை. சாம்பல் விழ ஆரம்பிக்குறதுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் இருக்கலாம், அதுக்குள்ள கான்கிரீட் இல்லன்னா செங்கல் கட்டடத்துக்குள்ள போயிடணும், பேஸ்மென்ட் இருந்தா அங்க, இல்லன்னா கட்டடத்தோட நடு அறைல, வெளிச் சுவரு, மொட்டைமாடி ரெண்டுக்கும் எட்டி. கார்ல ஏறி ஓடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, கார் கதிர்வீச்சைத் தடுக்காது, ரோட்டுல மாட்டிக்குவீங்க.

ஏன் உள்ளயே இருக்கணும்னா, சாம்பலோட வேகம் ஆரம்பத்துலதான் ரொம்ப ஜாஸ்தி. நேரம் ஏழு மடங்கானா கதிர்வீச்சு பத்துல ஒண்ணா குறையும்னு ஒரு கணக்கு இருக்கு. 1 மணி நேரத்துல 100னு இருந்தா 7 மணி நேரத்துல 10, ரெண்டு நாள்ல 1. அதனாலதான் 24 மணி நேரமாவது வெளிய வராதீங்கன்னு சொல்றது. வெளிய இருந்து வந்திருந்தா மேல் துணியைக் கழட்டி ஒரு பையில போட்டு தூரமா வெச்சுட்டு சோப்பு போட்டு குளிங்க, தலைக்கு கண்டிஷனர் மட்டும் வேண்டாம், அது தூசியை முடியோட ஒட்டவெச்சுடும்.

இது எல்லாமே ஒரு குண்டு, ரெண்டு குண்டு விழுந்து மிச்ச நாடு உதவிக்கு வர்ற நிலைமைக்கான யோசனை. நூத்துக்கணக்குல விழுந்தா எந்த உதவியும் வராது, டாக்டருங்களைப் பத்தின பதிலைத் திரும்பப் படிங்க.

அயோடின் மாத்திரை சாப்பிட்டா ரேடியேஷன் ஏறாதாமே?

தைராய்டுக்கு மட்டும்தான், அதுவும் கதிர்வீச்சு அயோடின் உள்ள போறதைத் தடுக்க மட்டும்தான். மத்த உறுப்புக்கு எந்தப் பாதுகாப்பும் இல்ல. அரசாங்கம் சொல்லாம தானா முழுங்கக் கூடாது.

அடுத்த தலைமுறைக்கும் பரம்பரையா வருமா?

தப்பிச்சவங்களோட பிள்ளைங்களைப் பல பத்து வருஷமா ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க, பரம்பரைக் குறை கூடினதா தெளிவான ஆதாரம் இதுவரைக்கும் கிடைக்கல. ஆனா குண்டு வெடிச்சப்ப வயித்துக்குள்ள இருந்த குழந்தைங்க வேற கதை, அதுல சிலர் தலை சின்னதா, மூளை வளர்ச்சி இல்லாம பொறந்தாங்க. தப்பிச்சவங்களுக்கு ரெண்டு மூணு வருஷத்துலயே ரத்தப்புற்று அதிகமாக ஆரம்பிச்சது, குழந்தைல பட்டவங்களுக்கு இன்னும் மோசம், மத்த புற்றுநோய்ங்க அப்புறம் வந்து அவங்க ஆயுசு முழுக்க தொடர்ந்துச்சு.

கரண்ட், போன் எல்லாம் ஒரே அடில போயிடும்னு சொல்றது நிஜமா?

ரொம்ப உயரத்துல வெடிச்சா அப்படி நடக்கும். 1962 ஜூலைல அமெரிக்கா பசிபிக் மேல 400 கிலோமீட்டர் உயரத்துல 1.4 மெகாடன் குண்டு ஒண்ணை வெடிச்சது, கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஹவாய்ல தெருவிளக்கு அணைஞ்சது. சேட்டிலைட் சிலதும் கெட்டுப்போச்சு. அப்ப இருந்ததைவிட இப்ப நம்ம வாழ்க்கை எவ்வளவு எலக்ட்ரானிக்ஸ நம்பி இருக்குன்னு சொல்லவே வேண்டாம்.

அணு குளிர்காலம்னு ஒண்ணு சொல்றாங்க, அது பயமுறுத்தத்தானே?

1983ல கார்ல் சேகனும் இன்னும் நாலு விஞ்ஞானிகளும் சொன்னப்ப பல பேர் அப்படித்தான் சொன்னாங்க. விஷயம் இதுதான், நகரம் நகரமா எரிஞ்சா வர்ற கரிப்புகை மழை மேகத்துக்கும் மேல ஏறிடும், அங்க மழையே இல்ல, கழுவி இறக்க ஆள் இல்லாம வருஷக்கணக்கா நின்னு வெயிலை மறைக்கும். எரிமலைல இதோட சின்ன மாதிரி பாத்திருக்கோம், 1815ல தம்போரா வெடிச்சதும் அடுத்த வருஷம் ஐரோப்பாவுலயும் வட அமெரிக்காவுலயும் கோடையே வரல, பயிர் அழிஞ்சு பஞ்சம் வந்துச்சு.

2022ல வந்த ஒரு ஆராய்ச்சி, இந்தியா பாகிஸ்தான் நடுவுல மட்டும் அணுப்போர் நடந்தாகூட உலகம் முழுக்க விளைச்சல் விழுந்து 200 கோடிக்கு மேல பட்டினில சாகலாம், அமெரிக்கா ரஷ்யா நடுவுலன்னா 500 கோடிக்கு மேலன்னு கணக்கு போட்டுச்சு. எவ்வளவு புகை எவ்வளவு உயரம் போகும்ங்குறதுல விஞ்ஞானிகளுக்குள்ள வாதம் இருக்கு, அதனால நம்பர் மாறலாம். ஆனா எவ்வளவு குறைச்சு போட்டாலும் ஒண்ணு மாறல, செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க குண்டு விழுந்த நாட்டுலயே இருக்க மாட்டாங்க. நம்ம நாடு சண்டைல இல்லையேன்னு நிம்மதியா இருக்க முடியாது.

யார்கிட்ட எவ்வளவு இருக்கு?

ஒம்பது நாடு: அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரான்ஸ், பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல், வட கொரியா. மொத்தம் 12,000 சொச்சம், அதுல பத்துல ஒம்பது அமெரிக்காகிட்டயும் ரஷ்யாகிட்டயும். 1980கள் நடுவுல 70,000 பக்கம் இருந்துச்சு, நிறைய குறைஞ்சிருக்கு, ஆனா மேல சொன்ன பஞ்சத்துக்கு இதுல ஒரு சின்ன பங்கே போதும்.

ரெண்டு பக்கமும் குண்டு இருந்தா யாரும் போட மாட்டாங்க, 80 வருஷமா போடலையே?

வேணும்னே யாரும் போடலங்குறது சரி. தவறுதலா போட இருந்தது எத்தனை தடவைன்னு பாருங்க. 1962 அக்டோபர் 27, கியூபா பிரச்சனை உச்சத்துல, அமெரிக்கக் கப்பல்ங்க தண்ணிக்கடில இருந்த சோவியத் நீர்மூழ்கி மேல பயிற்சி குண்டு போட்டு மேல வரச்சொன்னாங்க, உள்ள அணு டார்பிடோ இருக்குறது அவங்களுக்குத் தெரியாது. உள்ள ஆக்ஸிஜன் இல்ல, சூடு தாங்கல, போர் ஆரம்பிச்சிடுச்சுன்னு கேப்டன் நினைச்சுட்டார், வசிலி ஆர்க்கிபோவ்ங்குற அதிகாரி வேண்டாம்னு அவரை அடக்கினதா கூட இருந்தவங்க பின்னாடி சொன்னாங்க. 1979 நவம்பர்ல அமெரிக்கக் கண்காணிப்பு மையத்துல பயிற்சிக்கு வெச்சிருந்த டேட்டா கம்ப்யூட்டர்ல ஓடி, சோவியத் மிஸைல்ங்க வர்ற மாதிரியே காட்டுச்சு. 1983 செப்டம்பர் 26 ராத்திரி சோவியத் சேட்டிலைட் அஞ்சு மிஸைல் வருதுன்னு சொல்லுச்சு, டூட்டில இருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் நிஜத் தாக்குதல்னா அஞ்சோட நிக்குமான்னு யோசிச்சு பொய் அலாரம்னு சொல்லிட்டார், மேகத்து மேல பட்ட வெயில்தான் காரணம்னு அப்புறம் தெரிஞ்சது. 1995ல நார்வே வானத்தை ஆராய விட்ட ராக்கெட்டைப் பாத்து ரஷ்யா பதறுச்சு, அப்ப அதிபரா இருந்த எல்ட்சினோட அணுப்பெட்டியே, அதாவது தாக்க உத்தரவு கொடுக்குற பெட்டியே, திறந்துட்டாங்க, நார்வே முன்கூட்டியே தகவல் சொல்லியிருந்தும் ராடார்காரங்ககிட்ட அது போய்ச் சேரல.

கண்டம் தாண்டுற மிஸைல் வந்து சேர அரை மணி நேரம்தான் ஆகும், கடல்ல இருந்து விட்டா இன்னும் கம்மி. அந்த அரை மணிக்குள்ள கண்டுபிடிச்சு, உறுதி பண்ணி, ஒருத்தர் முடிவெடுக்கணும். 80 வருஷமா போடாததுக்கு ரெண்டு பக்கமும் குண்டு இருக்குறது மட்டும் காரணம்னா பெட்ரோவ் ஏன் தேவைப்பட்டார்னு நான் திருப்பிக் கேப்பேன்.

சின்ன அணுகுண்டு இருக்காமே, போர்க்களத்துல மட்டும் போடுறது?

அந்த வகைல சொல்ற குண்டு சிலது ஹிரோஷிமா குண்டைவிட பெரிசு. அதைவிட முக்கியமா, ஒரு பக்கம் சின்னதா போட்டா எதிர்ப்பக்கத்துல இருக்குறவங்களுக்கு அடுத்து வர்றதும் சின்னதுதான்னு எப்படித் தெரியும்? மேல சொன்ன அரை மணி நேரத்துலதான் அவங்களும் முடிவு பண்ணணும்.

ஆனா அந்தக் குண்டு போட்டதாலதானே ஜப்பான் சரணடைஞ்சுது, போர் முடிஞ்சுது?

வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் அடிச்சுக்குற விஷயம். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 8ஆம் தேதி சோவியத் ஜப்பான் மேல போர் அறிவிச்சு மறுநாளே ஜப்பான் பிடிச்சு வெச்சிருந்த மஞ்சூரியாவுக்குள்ள (சீனாவோட வடகிழக்கு) இறங்குச்சு, அதே 9ஆம் தேதி நாகசாகி, 15ஆம் தேதி சக்கரவர்த்தி ரேடியோல பேசினார். குண்டு போட்டதும் சோவியத் இறங்கினதும் ஒரே வாரத்துல நடந்ததால எது காரணம்னு பிரிக்குறது கஷ்டம், எனக்கு ரெண்டுமே சேந்துதான்னு படுது. இன்னொண்ணையும் சொல்லணும், 9ஆம் தேதி போட நினைச்சது கோகுரா ஊர் மேல, அங்க மேகமும் புகையும் மறைச்சதால விமானம் நாகசாகிக்குத் திரும்புச்சு. ஒரு ஊர் பொழைச்சதும் இன்னொரு ஊர் அழிஞ்சதும் வானிலையால.

ஒப்பந்தம் எல்லாம் இருக்கே, அது போதாதா?

1970ல அமலுக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் இல்லன்னா இன்னிக்கு ஒம்பது நாட்டுக்கு பதிலா இன்னும் பல நாடு வெச்சிருக்கும்னு நினைக்குறேன், அதைக் குறைச்சு பேச மாட்டேன். ஆனா அதுல அஞ்சு நாடு வெச்சுக்கலாம், குறைக்கப் பேச்சுவார்த்தை நடத்தணும், மத்தவங்க வெக்கவே கூடாதுன்னு இருக்கு. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் சேரவே இல்ல, வட கொரியா வெளிய போயிடுச்சு. 2021ல முழுசா தடை பண்ற இன்னொரு ஒப்பந்தமும் அமலுக்கு வந்துச்சு, ஒம்பது நாட்டுல ஒண்ணுகூட கையெழுத்து போடல.

ஒரு தடவை கைல வந்துட்டா எந்த நாடும் விடாதே?

விட்டிருக்காங்க. சோவியத் உடைஞ்சப்ப கஜகஸ்தான், பெலாரஸ், உக்ரைன் மூணு நாட்டுலயும் நூத்துக்கணக்குல, ஆயிரக்கணக்குல வார்ஹெட் நின்னுச்சு, எல்லாத்தையும் 1996க்குள்ள ரஷ்யாவுக்கு அனுப்பிட்டாங்க. உக்ரைனைக் காட்டி பாத்தீங்களா விட்டதால என்ன ஆச்சுன்னு கேப்பாங்க, 1994ல புடாபெஸ்ட்ல எல்லையை மதிப்போம்னு எழுதிக் கொடுத்த ரஷ்யாவே 2014லயும் 2022லயும் உள்ள வந்துச்சு, அந்தக் கோபம் நியாயம். ஆனா அந்தக் குண்டுங்களை ஏவுற கன்ட்ரோல் மாஸ்கோகிட்டதான் இருந்துச்சுங்குறதையும் சேத்து சொல்லணும்.

தானே செஞ்ச குண்டை தானே பிரிச்சது தென் ஆப்பிரிக்கா. ஆறு குண்டு முழுசா முடிச்சு வெச்சிருந்தாங்க, எல்லாத்தையும் கழட்டிட்டு 1991ல பரவல் தடை ஒப்பந்தத்துல சேந்தாங்க, 1993 மார்ச்ல அதிபர் டி கிளார்க் பார்லிமென்ட்ல இதை வெளிய சொன்னார். கலஹாரி பாலைவனத்துல டெஸ்ட் பண்ண தோண்டி வெச்சிருந்த குழிங்களை சர்வதேச அணுசக்தி முகமை ஆளுங்க பாத்துட்டு இருக்க, அதே வருஷம் கான்கிரீட் ஊத்தி மூடினாங்க.